வராத நாளுக்கு ஒரு கைதட்டல்

"ஹச்!"

கணக்கு சார் கரும்பலகையில் ஒரு பெரிய வகுத்தல் கணக்கைப் பாதி வரை கொண்டுவந்திருந்தார். தும்மல் முதல் பெஞ்சிலிருந்து வந்தது. அடுத்த நொடியே அதே பெஞ்சிலிருந்து ஒரு சிறுமி எகிறிக் குதித்து ஜன்னல் பக்கம் ஓடினாள்.

"சார்! இவனை வீட்டுக்கு அனுப்புங்க சார்!"

வகுப்பு மொத்தமும் சிரித்தது. "டேய், விசில் வந்துடுச்சுடா!" என்று கடைசி பெஞ்சிலிருந்து யாரோ கத்தினார்கள்.

அந்தச் சிறுமிக்கு வகுப்பில் 'குக்கர்' என்று பெயர். கோபம் வந்தால் முதலில் அவள் முகம் சிவக்கும். பிறகு மூக்கு விடைக்கும். அதற்குப் பிறகு வருகிற சத்தம் பக்கத்து வகுப்புக்கும் கேட்கும். பெயர் வைத்தது யாரென்று இன்றுவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த ஆளுக்கு அன்றைக்கே நல்ல விசிலாக நாலு கிடைத்திருக்கும்.

தும்மிய பையனுக்கு 'கடிகாரம்' என்று பெயர். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து இந்த ஐந்தாம் வகுப்பு வரை அவன் ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. மணி அடிப்பதற்கு முன்பே வாசலில் நிற்பான். கால் பிசகியபோது நொண்டிக்கொண்டு வந்தான். கண்வலி வந்தபோது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தான். அடுத்த வாரம் வகுப்பில் பாதிப் பேர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். இருந்தாலும் என்ன, ஆண்டு விழாவில் 'முழு வருகைக் கோப்பை' அவனுக்குத்தான்.

"உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று சார் அவனைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார். சாக்பீஸ் தூசி" என்றான் கடிகாரம். அவன் மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது. கண்ணில் நீர் கோத்திருந்தது.

"பொய் சொல்றான் சார்! காலையிலயிருந்து தும்மிக்கிட்டே இருக்கான். நேத்து இருமினான்!"

"தும்மினவன் சும்மா உக்காந்திருக்கான், நீ ஏம்மா ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதிக்கறே?" என்றார் சார். "ஒரு தும்மலுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? போய் உக்காரு."

"நான் அங்க உக்கார மாட்டேன்."

"அப்ப வெளிய நில்லு."

குக்கர் வெளியே போய் நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தும்மியவன் உள்ளே, தும்மாதவள் வெளியே. இது எந்த ஊர் நியாயம் என்று அவளுக்குப் புரியவில்லை.

அவள் ஏன் இப்படிக் குதிக்கிறாள் என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. காரணம் அவள் வீட்டில் இருந்தது. காரணத்துக்கு ஐந்து வயது. சிகிச்சையில் மொட்டையாகிப்போன தலையில் இப்போதுதான் பூனை முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. அவள் தம்பி. வீட்டில் எல்லோரும் அவனை 'வாண்டு' என்று கூப்பிடுவார்கள்.

வாண்டு பிறந்ததிலிருந்தே நோயாளி. மற்றவர்களுக்குச் சளி வந்தால் நாலு நாளில் போகும். அவனுக்கு வந்தால் நெஞ்சுக்குள் இறங்கி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும். முழங்காலில் சின்னச் சிராய்ப்பு பட்டாலும் சீழ் பிடித்து வீங்கிவிடும். உடம்புக்குள் நுழைகிற கிருமிகளை அடித்து விரட்டுவதற்கென்று நம் எல்லோர் இரத்தத்திலும் அணுக்கள் இருக்கின்றன. அவன் இரத்தத்தில் அந்த அணுக்கள் இருந்தன, ஆனால் சண்டை போடத் தெரியாமல் இருந்தன. அம்மாவிடமும் அப்பாவிடமும் ஆளுக்குப் பாதியாக ஒளிந்திருந்த ஒரு குறை, அவனிடம் வந்து முழுதாகச் சேர்ந்துவிட்டது. அதில் யார் மேலும் தப்பு இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். அம்மா அதை நம்ப ரொம்ப நாள் ஆனது.

"இவனுக்குப் புதுசா அணுக்களை உண்டாக்கற தாய் அணுக்கள் வேணும். ஸ்டெம் செல்னு சொல்லுவோம். அது எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜையில இருக்கு. பொருந்தற ஆள் கிடைச்சா, கொஞ்சம் எடுத்து இவனுக்குக் கொடுக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

பரிசோதித்துப் பார்த்தார்கள். அம்மா பாதிதான் பொருந்தினாள். அப்பாவும் பாதிதான். குக்கர் முழுசாகப் பொருந்தினாள்.

டாக்டரம்மா அவளைத் தனியாக உட்காரவைத்து, "உனக்கு விருப்பமா? வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க" என்று கேட்டார். அவள், "வலிக்குமா?" என்று கேட்டாள். "எடுக்கும்போது மயக்கத்துல இருப்ப, தெரியாது. அப்புறம் சில நாள் இடுப்பு வலிக்கும்" என்றார் டாக்டரம்மா. பெரியவர்கள் வழக்கமாகச் சொல்கிற 'எறும்பு கடிச்ச மாதிரி' கதையை அவர் சொல்லவில்லை. அதனாலேயே அவள் சரி என்றாள்.

வலித்தது. ஒரு வாரம் தலையணை போட்டுத்தான் உட்கார்ந்தாள். தம்பியின் கட்டிலுக்கு மேலே சிவப்பாக ஒரு பை தொங்கியதையும், அதிலிருந்து சொட்டுச் சொட்டாக அவன் உடம்புக்குள் இறங்கியதையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். அவன் பாதியிலேயே தூங்கிவிட்டான். இவ்வளவு கொடுத்திருக்கிறேன், தூங்குகிறான் பார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அழுகையும் வந்தது.

அதெல்லாம் முடிந்து, பல மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, வாண்டு போன மாதம்தான் வீட்டுக்கு வந்திருந்தான். அக்காவிடமிருந்து போன அணுக்கள் அவன் எலும்புக்குள் நன்றாக வேர் பிடித்துவிட்டன. "ஆனா அதுங்க இன்னும் பால்வாடிப் பசங்க மாதிரி. வளர்ந்து சண்டை கத்துக்க இன்னும் பல மாசம் ஆகும். அதுவரைக்கும் சளி, காய்ச்சல் இருக்கறவங்க யாரும் இவன் பக்கத்துலயே வரக் கூடாது" என்றார் டாக்டரம்மா. சாதாரணச் சளிகூட அவனைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். ஆஸ்பத்திரியோடு நிற்காமல் உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அதை டாக்டரம்மா அப்பாவிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். குக்கர் காதில் அது விழுந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் வீட்டு வாசலுக்கு வந்தபோது, அம்மா கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"இன்னிக்கு வகுப்புல யாராவது தும்மினாங்களா கண்ணு?"

இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். உள்ளே போய்விடலாம். வாயில் வந்துவிட்டது. மென்று முழுங்கினாள்.

"ஆமா. பக்கத்துலயே. மூணு தடவை."

அம்மாவின் முகம் வாடியது. "சரி, சித்தி வீட்டுக்குப் போயிடு கண்ணு. நாலஞ்சு நாள் பாப்போம். உனக்கு ஒண்ணும் வரலைன்னா வந்துடலாம்."

"போன மாசமும் இதேதான் சொன்னீங்க! போன மாசமும் அவன்தான் இருமினான்! எனக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் அங்கயே கிடந்தேன்!"

"என்னடா செய்யறது? தம்பிக்காகத்தானே..."

"எல்லாம் தம்பிக்காகத்தான்! என் எலும்புல இருந்து எடுத்தது உள்ள இருக்கு, நான் மட்டும் வெளிய நிக்கறேன்!"

அம்மா உடைகள் வைத்த பையை மட்டும் வெளியே நகர்த்தி வைத்தாள். அந்தப் பை எப்போதும் தயாராகவே இருந்தது. அதைப் பார்த்ததும்தான் குக்கருக்கு இன்னும் வயிறு எரிந்தது.

சித்தி வீடு எதிர்ச்சாரியில் இருந்தது. சித்தி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் துணி தைப்பவள். "வாடி என் ராசாத்தி, இந்த மாசமும் விருந்தா?" என்று சிரித்தபடி கதவைத் திறந்தாள். குக்கர் சிரிக்கவில்லை. பையை மூலையில் வீசிவிட்டு ஜன்னல் ஓரம் போய் நின்றாள்.

தெருவுக்கு அந்தப் பக்கம், மாடி ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வாண்டு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் வாயைத் திறந்து ஏதோ சொன்னான். கண்ணாடி மூடியிருந்ததால் கேட்கவில்லை. 'வா, வா' என்று கையை ஆட்டினான். அவள் வர முடியாது என்று தலையை ஆட்டினாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி உள்ளே போய்விட்டான்.

"அவன் என்மேல கோவிச்சுக்கிட்டான் சித்தி. நான்தான் வரமாட்டேங்கறேன்னு நெனைக்கறான்."

சித்தி மெஷினை நிறுத்தினாள். "ஐயோ பாவம்" என்றாள்.

அந்தக் கடிகாரத்தை என்ன செய்யலாம் என்று குக்கர் யோசித்தாள். முதலில் வந்த யோசனைகள் எதையும் இங்கே எழுத முடியாது. கடைசியில், தப்பு அந்தக் கோப்பையில்தான் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. கோப்பை இல்லையென்றால் அவன் ஏன் காய்ச்சலோடு வரப்போகிறான்?

மறுநாள் காலை நேராகத் தலைமையாசிரியரின் அறைக்குப் போனாள். பள்ளியில் எல்லோரும் அவரைப் 'பெரிய டீச்சர்' என்பார்கள். அவர் மேசை மேல் ஒரு பக்கம் தாள்கள், ஒரு பக்கம் சுருட்டிய கைக்குட்டைகள், நடுவில் தைல டப்பா.

"உள்ள வரலாமா டீச்சர்?"

"வாம்மா" என்றார் பெரிய டீச்சர். 'வாம்மா' என்பது 'வாப்பா' போலக் கேட்டது. அவ்வளவு மூக்கடைப்பு.

"டீச்சர், முழு வருகைக் கோப்பையை நிறுத்துங்க."

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "என்னது?"

"அதுக்காக எல்லாரும் உடம்பு சரியில்லாம இருக்கும்போதும் வராங்க. பக்கத்துல இருக்கறவங்களுக்கும் ஒட்டவைக்கறாங்க."

"அப்படியெல்லாம் பேசக் கூடாது. அது ஒழுங்குக்காகக் கொடுக்கற பரிசு. என்னையே எடுத்துக்கோ. இந்தப் பள்ளிக்கூடத்துல சேர்ந்ததிலயிருந்து நான் ஒரு நாள் லீவு போட்டது இல்ல. இப்பகூடப் பாரு, ராத்திரி பூரா... ஹ... ஹ... ஹச்!"

மேசை மேலிருந்த தாள்கள் நாலு பறந்தன. குக்கர் இரண்டடி பின்னால் போனாள்.

"பாத்தீங்களா டீச்சர்!"

"என்ன பாத்தீங்களா? பெரியவங்ககிட்டப் பேசற பேச்சா இது?" பெரிய டீச்சருக்கும் கோபம் வந்துவிட்டது. "இவ்வளவு கோபப்படறியே, என்ன காரணம்? அதைச் சொல்லு முதல்ல."

குக்கர் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

தம்பியைப் பற்றிப் பள்ளியில் அவள் யாரிடமும் சொல்வதில்லை. ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறாள். மூன்றாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரெட்டைச் சடைக்காரியிடம், "என் தம்பிக்கு ரத்தத்துல வியாதி" என்றாள். மறுநாள் ரெட்டைச் சடை வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். "எங்க அம்மா ஒட்டிக்கும்னு சொன்னாங்க" என்றாள். அன்றிலிருந்து குக்கர் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். அப்பாவும் பள்ளியில் 'குடும்பத்தில் மருத்துவ வேலை' என்று சொல்லித்தான் அவளுக்கு விடுப்பு வாங்கினார்.

"ஒண்ணும் இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கண்ணில் நீர் முட்டியது. கோபத்தில் வருகிற நீர் என்பதால் அதைத் துடைக்கவில்லை.

இடைவேளையில் கடிகாரம் குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தனியாகச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"ஏய்!" என்றாள் குக்கர், நாலடி தள்ளி நின்றுகொண்டு. "உனக்குக் காய்ச்சல்தானே? உண்மையைச் சொல்லு!"

"உனக்கென்ன?"

"எனக்கென்னவா? ஒரு தகரக் கோப்பைக்காக ஊர் பூராவுக்கும் சளி கொடுத்துக்கிட்டு அலையறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

கடிகாரம் இதுவரை யாரிடமும் சத்தமாகப் பேசியதில்லை. அன்று பேசினான்.

"தகரக் கோப்பையா? உனக்கு அது தகரம்தான்! நீ கணக்குல நூறு வாங்கறே. ஒருத்தி பாட்டுப் பாடறா. ஒருத்தன் ஓட்டப் பந்தயத்துல முதல்ல வரான். எல்லாருக்கும் ஏதாவது ஒண்ணு வருது. எனக்கு என்ன வருது சொல்லு? நான் ஓடினா கடைசி. பாடினா சிரிக்கறாங்க. கணக்கு கேக்கவே வேணாம். வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் பேரைச் சொல்லி எல்லாரும் கை தட்டறாங்க. அதுக்கு நான் வரணும். தினமும் வரணும். செத்தாலும் வரணும்!"

சொல்லி முடித்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினான்.

குக்கர் திருப்பிக் கத்தத் தயாராக மூச்சை இழுத்து வைத்திருந்தாள். அந்த மூச்சை என்ன செய்வதென்று தெரியவில்லை. இவன் திமிர் பிடித்தவன் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்!

ஆனாலும் கோபம் போகவில்லை. மேடையில் கொடுப்பதற்குப் பள்ளிக்கூடத்தில் இவனுக்கு வேறொன்றும் இல்லையா என்று, கோபம் இடம் மாறிக்கொண்டது. அவ்வளவுதான்.

"உக்காரு" என்றாள். "கீழ உக்காரு. நான் ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயாவது சொன்னே, தொலைஞ்சே."

சொன்னாள். வாண்டைப் பற்றி, ஆஸ்பத்திரியைப் பற்றி, கண்ணாடி ஜன்னலைப் பற்றி, வாசலில் தயாராக இருக்கும் பையைப் பற்றி. கடிகாரம் திருதிருவென விழித்தான்.

"எலும்புக்குள்ள இருந்தா எடுத்தாங்க?"

"ஆமா. இடுப்பு எலும்பு."

"அப்ப உனக்கு மிச்சம் இருக்கா?"

"மக்கு! அது திரும்ப ஊறிடும். கிணத்துல தண்ணி ஊறற மாதிரி."

கடிகாரம் அவள் இடுப்பைப் பயத்தோடு பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "என்னோட சளி உன் தம்பிக்குப் போனா..."

"போனா ஆஸ்பத்திரி. இல்லைன்னா..." அவள் முடிக்கவில்லை.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் இப்ப வீட்டுக்குப் போனா அரை நாள் போயிடும்" என்றான் கடிகாரம் மெதுவாக. "அஞ்சு வருஷம் வந்தது வீணாப் போயிடும்."

"ம்."

"யாரும் கை தட்ட மாட்டாங்க."

அப்போதுதான் குக்கருக்கு அது உறைத்தது. சித்தி வீட்டு ஜன்னலில் அவள் நிற்கிறாளே, அதற்கும்தான் யாரும் கை தட்டுவதில்லை. உள்ளே போக ஆசை இருந்தும் போகாமல் வெளியே நிற்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்குத் தெரியும். செய்து பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

"நான் தட்டறேன்" என்றாள். "நீ போ. மத்தியானம் வருகை எடுக்கும்போது நான் தட்டறேன். சத்தியமா."

"நீ ஒருத்தி தட்டினா என்ன ஆகும்?"

"நான் ஒருத்தி கத்தினா பக்கத்து வகுப்புக்குக் கேக்குது. தட்டினா கேக்காதா?"

கடிகாரத்துக்குச் சிரிப்பு வந்தது. எழுந்தான். வாசல் பக்கம் நடந்தான். பாதி வழியில் நின்று பள்ளிக்கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

மத்தியானம் கணக்கு சார் எண் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்.

"ஏழு?"

"உள்ளேன் சார்."

"எட்டு?"

"உள்ளேன் சார்."

"ஒன்பது?"

சத்தமே இல்லை. சார் நிமிர்ந்து பார்த்தார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஒன்பதாம் எண் கூப்பிட்டுப் பதில் வராமல் இருந்தது இதுவே முதல் முறை.

குக்கர் எழுந்து நின்றாள்.

"ஒன்பது வரலை சார். அவனுக்குக் காய்ச்சல். நமக்கெல்லாம் ஒட்டக் கூடாதுன்னு வீட்டுக்குப் போயிட்டான். கோப்பை போனாலும் பரவாயில்லைன்னு போயிட்டான். அதுக்கு நாம கை தட்டணும் சார்."

தட்டினாள். தனியாகத் தட்டினாள். அமைதியான வகுப்பில் ஒரே ஆள் கை தட்டுவது எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று தட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கடைசி பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள்.

"இதெல்லாம் என்னம்மா கூத்து?" என்றார் சார். ஆனால் அவர் குரலில் கோபம் இல்லை. "நேத்து அவனைத் துரத்தினே. இன்னிக்கு அவனுக்குக் கை தட்டறே."

இனி பூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குக்கர் சொல்லிவிட்டாள். கடிகாரத்திடம் சொன்னதை அப்படியே வகுப்புக்கும் சொன்னாள். சொல்லும்போதே கோபமும் சேர்ந்து வந்தது.

"என் தம்பிக்கு அஞ்சு வயசாகுது. ஒரு தடவைகூடத் தெருவுல இறங்கி விளையாடினதில்ல. நீங்க எல்லாரும் மூக்கை ஒழுகவிட்டுக்கிட்டு வரீங்க, எனக்குக் கொடுக்கறீங்க, நான் என் வீட்டுக்கே போக முடியறதில்ல!"

ரெட்டைச் சடை மெதுவாகக் கையைத் தூக்கினாள். "அது... ஒட்டிக்காதா?"

குக்கருக்கு மூக்கு விடைத்தது. "ஒட்டிக்கும்! ஆனா அவன்கிட்டயிருந்து நமக்கு இல்ல. நம்மகிட்டயிருந்துதான் அவனுக்கு ஒட்டும்! பயப்பட வேண்டியது நீ இல்ல, அவன்!"

ரெட்டைச் சடையின் முகம் சுருங்கிப்போனது. பிறகு இரண்டு கைகளையும் மேலே தூக்கித் தட்ட ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் பாட்டுப் பாடுகிறவள் தட்டினாள். ஓட்டப் பந்தயக்காரன் தட்டினான். களுக்கென்று சிரித்தவன் பெஞ்சைத் தட்டினான். சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் தானும் தட்டினார்.

சத்தம் கேட்டுப் பெரிய டீச்சர் ஓடிவந்தார். "என்ன இது, பள்ளிக்கூடமா சந்தையா? யாருக்குக் கை தட்டறீங்க?"

"வராதவனுக்கு டீச்சர்!" என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது.

சார் அவர் பக்கத்தில் போய் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். பெரிய டீச்சர் குக்கரைப் பார்த்தார். "காலையிலயே இதைச் சொல்லியிருக்கலாமேம்மா" என்று சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் வந்தது வேறு.

"ஹ... ஹ... ஹச்!"

நாற்பது ஜோடிக் கண்கள் பெரிய டீச்சரையே பார்த்தன. பெரிய டீச்சர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். கைக்குட்டைக்கு மேலே தெரிந்த கண்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டன. பிறகு விடுவிடுவென்று நடந்து போனார்.

மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் பெரிய டீச்சர் நிற்கிற இடம் காலியாக இருந்தது.

"தலைமையாசிரியருக்கு உடம்பு சரியில்லை. அதனால இன்னிக்கு வரலை" என்று ஒலிபெருக்கியில் கணக்கு சார் அறிவித்தார். ஐந்தாம் வகுப்பு வரிசையிலிருந்து கைதட்டல் கிளம்பியது. விஷயம் தெரியாத மற்ற வகுப்புகளும், கை தட்டுவதற்குக் காசா பணமா என்று சேர்ந்துகொண்டன. தலைமையாசிரியர் வராததற்கு ஒரு பள்ளிக்கூடமே கை தட்டிய செய்தி அவர் காதுக்குப் போனபோது, முதலில் என்ன நினைத்திருப்பார் பாவம்!

கடிகாரம் குணமாகித் திரும்பி வந்த அன்று, வகுப்பு வாசலில் கால் வைத்ததுமே எல்லோரும் தட்டினார்கள். அவன் காது இரண்டும் சிவந்தன. பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை.

"உனக்குத்தான்டா மக்கு" என்றாள் குக்கர்.

அந்த வருடம் அவனுக்குக் கோப்பை கிடைக்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து நோய்க்காக வீட்டில் இருக்கும் நாட்களைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று பெரிய டீச்சர் அறிவித்தார். "அடுத்த வருஷம் எதுக்கு? இந்த வருஷமே செய்ய வேண்டியதுதானே?" என்று குக்கர் அதற்கும் சண்டைக்குப் போனாள். ஜெயிக்கவில்லை. அதை நினைத்தால் அவளுக்கு இப்போதும் மூக்கு விடைக்கும். கடிகாரத்தைக் கேட்டால், "விடு" என்பான்.

ஆனால் வகுப்பில் ஒரு பழக்கம் நிலைத்துவிட்டது. யாருக்காவது தொண்டை கரகரத்தால் மறுநாள் வரமாட்டார்கள். வருகை எடுக்கும்போது அந்த எண்ணுக்குக் கைதட்டல் விழும். ஒரு முறை கணக்குத் தேர்வு அன்று பாதி வகுப்புக்குத் தொண்டை கரகரத்தது. அன்று மட்டும் சார் யாருக்கும் தட்ட விடவில்லை.

கடிகாரம் தும்மிய அந்த முறை குக்கருக்குக் காய்ச்சல் வரவில்லை. அம்மா வாசலிலேயே அவள் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தாள். பிறகு கதவை முழுசாகத் திறந்தாள்.

குளித்து, உடை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு அவள் தன் அறைக்குள் போனாள். போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் கட்டிலில் வாண்டு உட்கார்ந்திருந்தான். அவள் போர்வை அவன் தோளில். அவள் வண்ணப் பென்சில்கள் அத்தனையும் அவன் மடியில். சுவரில் அவள் ஒட்டிவைத்திருந்த படங்களுக்கு மேலேயெல்லாம் ஊதாவில் கிறுக்கல்.

"டேய்! என் கட்டில்!"

"இது இப்ப என் கட்டில்" என்றான் வாண்டு. "நீதான் எப்பவும் சித்தி வீட்டுல இருக்கியே. அங்கயே போ."

"உனக்காகத்தான்டா போனேன்! என் பென்சிலைக் கொடு!"

"தரமாட்டேன்!"

"கொடுடா!"

"மாட்டேன்! மாட்டேன்! மாட்டேஏஏன்!"

அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். 'பெரியவ நீ, விட்டுக்கொடு' என்று சொல்லத்தான் வந்தாள். வாசலில் நின்றுவிட்டாள்.

வாண்டு கட்டில் மேல் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, மூச்சு முழுவதையும் போட்டுக் கத்தினான். பிறந்ததிலிருந்து அவன் இரண்டு வார்த்தை சத்தமாகச் சொன்னால் மூன்றாவது வார்த்தை இருமலாகத்தான் வரும். இப்போது இருமல் வரவில்லை. கத்திக்கொண்டே இருந்தான்.

குக்கரும் அதைக் கவனித்தாள். கண் கலங்கியது.

ஆனால் பென்சில் பென்சில்தான். "கொடுடா திருட்டுப் பயலே!" என்று அவனைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சண்டை போட்டு முடிக்கட்டும் என்று, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.